வண்டி காணாமல் போன புகாரில் கொடுத்த நம்பர்: ஸ்டேஷன் ரைட்டர் மேல் இப்போதே மனு கொடுப்பதா, பேப்பர் கைக்கு வரும்வரை பொறுப்பதா?

ஜெராக்ஸ் கடைக்காரி:

அம்பைக்கும் நெல்லைக்கும் நடுவில் ஒரு ஊர். பேர் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், மனு அடித்துக் கொடுப்பது என்று சின்னக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். இங்கே அத்தை, நான், ஆறாவது படிக்கிற மகள்.

நாலு மாதத்துக்கு முன்னால் கடை வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் காணாமல் போனது. இன்னும் 11 தவணை பாக்கி. ஸ்டேஷனில் முதல் நாள் புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், ஒரு வாரம் நடையாய் நடந்த பிறகு எஃப்.ஐ.ஆர். எழுதியவர் ரைட்டர், அதாவது ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர். மரியாதையாகத்தான் பேசினார். "வண்டி கிடைச்சா உடனே சொல்லணும்லா, வாட்ஸ்அப் நம்பராக் கொடுங்கம்மா" என்றார். கொடுத்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து குட் மார்னிங் வர ஆரம்பித்தது. பூ, முருகன் படம். போலீஸ்காரரை ப்ளாக் பண்ணவா முடியும்? நானும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன். அந்தக் கும்பிடுதான் இப்போது என்னை உறுத்துகிறது. அப்புறம் "சாப்ட்டாச்சா". அப்புறம் "வீட்டுக்காரர் எப்ப வருவார்". ஒரு நாள் ராத்திரி பதினொன்றேகாலுக்கு வீடியோ கால். எடுக்கவில்லை. காலையில் "கை பட்டுடுச்சு" என்று மெசேஜ். அந்தக் கை வாரத்துக்கு மூன்று தடவை படுகிறது.

இப்போது கடைக்கே வருகிறார். ஒரு தாளை நீட்டிவிட்டு, கவுண்டருக்கு உள்பக்கம் நான் உட்காருகிற ஸ்டூலை இழுத்துப் போட்டு அரை மணி நேரம். எதிர்த்த டீக்கடை அண்ணாச்சி பார்க்கிறார், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

போன செவ்வாய்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து சான்று கேட்கிறார்கள். அதைக் கேட்டதற்கு, "பகல்ல கூட்டமா இருக்கும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல தனியா வா, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போ" என்றார். அதுவரை "வாங்கம்மா" என்றவர், அன்றைக்கு "வா" என்றார். நான் போகவில்லை.

புகார் கொடுத்தால் அந்தப் பேப்பர் வராது. பேப்பர் வரட்டும் என்று பொறுத்தால் இந்த ஆள் எதுவரை போவார் என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் முதல் வார்த்தை "கடையை மூடு" என்பதுதான். 2023-ல் அம்பையில் விசாரணைக்குப் பிடித்து வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு ஏ.எஸ்.பி. (உதவி போலீஸ் கண்காணிப்பாளர்) மேல் புகார் வந்ததே, அதில் ஒரு பையன் சப்-கலெக்டர் விசாரணைக்குப் பிறகு "கீழே விழுந்து பல் உடைந்தது" என்று மாற்றிச் சொன்னதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆம்பளைக்கே அந்த நிலை. நான் என்ன செய்ய?

வீரவநல்லூர்க்காரி:

தங்கச்சி, முதலில் அந்தக் கும்பிடை நினைத்து மருகுவதை விடுங்க. கும்பிட்டது காக்கிச் சட்டையை.

ஒரு மெசேஜையும் அழிக்காதீங்க. அவர் நம்பரைப் பேர் போட்டு சேவ் பண்ணியிருந்தால் பேரை எடுத்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. இல்லாவிட்டால் படத்தில் "ரைட்டர் சார்" என்று மட்டும்தான் தெரியும், நம்பர் தெரியாது. நாளைக்கு "அது நானே இல்லை" என்பார்கள். மொத்தச் சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி உங்கள் மெயிலுக்கு ஒன்று, நம்பிக்கையான ஆளுக்கு ஒன்று அனுப்பி வையுங்க. அந்த ஸ்டூலைத் தூக்கி உள்ரூமில் போடுங்க, கொஞ்ச நாள் நீங்களும் நின்றுகொண்டே வேலை பாருங்க.

பழைய ஏட்டு:

நான் 31 வருஷம் சர்வீஸ் பார்த்து எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) ஆகி ஓய்வு பெற்றவன். இந்த ரைட்டர் செய்வது ஈனத்தனம், அதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் ஸ்டேஷனில் ரைட்டர் என்பவர் அச்சாணி மாதிரி. ஒவ்வொரு தாளும் அவர் கை வழியாகத்தான் இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போகும். அதனால் எடுத்த எடுப்பில் எழுத்துப் புகார் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஊரில் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டேஷன் பேர் கெடும் என்றால் அவரே சத்தம் போட்டு அடக்கிவிடுவார்.

எழுத்தில் போனால் விசாரணை, 3(பி) சார்ஜ் என்கிற கடுமையான துறை நடவடிக்கை, ஆயுதப்படைக்கு மாற்றம் என்று அவர் குடும்பமே ஆடிவிடும். அந்த ஆத்திரம் உங்கள் மேல்தான் திரும்பும்.

பாளை வக்கீல் ஆபீஸ் கிளார்க்:

ஏட்டையா, அவர் குடும்பம் ஆடுவதை ஏழு மணிக்கு வரச் சொன்ன அன்றைக்கு அவர் யோசித்திருக்க வேண்டும். வாய்ப் பேச்சாக இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் அதற்கு ஒரு தாளும் இருக்காது. நாளைக்கு "அந்த அம்மாதான் எனக்கு மெசேஜ் போட்டார்" என்று இவர் முந்திக்கொண்டால் என்ன செய்வது? இப்படி ஒன்றை எங்கள் ஆபீஸில் பார்த்தாயிற்று.

கடைக்கார அக்கா, நீங்கள் பயப்படுகிற பேப்பரிலிருந்து தொடங்குகிறேன். அதில் கையெழுத்துப் போடுவது இன்ஸ்பெக்டர், ரைட்டர் இல்லை. வழக்கை முடித்தால் அறிக்கை கோர்ட்டுக்குப் போக வேண்டும், அங்கே நகல் மனு போட்டும் வாங்கலாம். விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் போலீஸ்தான் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் அது இருக்கிறது. உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. ஆக கேட்பது உங்கள் உரிமை. ஒரு பெண்ணிடம் விசாரிக்க வேண்டுமென்றாலும் அவர் இருக்கிற வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்கு வா என்பதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

அடுத்தது. பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில், பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது குற்றம். இங்கே முக்கியம் அந்த "தெளிவாக". இதுவரை நீங்கள் எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது கும்பிடு போட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே ஒரே ஒரு மெசேஜ்: "வழக்கு விஷயம் தவிர வேறு எதற்கும் எனக்கு மெசேஜோ காலோ வேண்டாம். கடைக்கும் வராதீர்கள்." சண்டை வேண்டாம், திட்டவும் வேண்டாம். அனுப்பியதைப் படம் எடுத்து வையுங்கள்.

மனு நேராக மாவட்ட போலீஸ் கண்காணிப்பாளர் எஸ்.பி.க்கு. புதன்கிழமை மனு நாளில் பாளையங்கோட்டை எஸ்.பி. ஆபீஸில் கொடுங்கள், ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அதோடு ஒரு பிரதியைத் தபாலிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். வாக்குமூலம் வாங்குவதாக இருந்தால் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், அதை மனுவிலேயே கேளுங்கள். மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

பயம் இருக்கத்தான் செய்யும். 2021-ல் ஒரு பெண் எஸ்.பி.யே சிறப்பு டி.ஜி.பி. மேல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போனபோது, பரனூர் டோல்கேட்டில் காரை மறித்தார்கள். எஸ்.பி.க்கே அந்தக் கதி. ஆனாலும் புகார் போய்ச் சேர்ந்தது, 2023 ஜூனில் விழுப்புரம் கோர்ட்டு மூன்று வருஷம் தண்டனை கொடுத்தது.

பழைய ஏட்டு:

கிளார்க்கம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, "முந்திக்கொண்டால்" என்கிற இடம். அதை நான் யோசிக்கவில்லை. சரி, எழுத்தில்தான் போவது என்றால் பக்கத்து மகளிர் ஸ்டேஷனுக்கு முதலில் போகாதீர்கள். நீங்கள் வாசல்படி இறங்குமுன் இவருக்கு போன் வந்துவிடும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் உண்டு. அவர் இன்ஸ்பெக்டருக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, எஸ்.பி.க்கு நேரடியாக ரிப்போர்ட் போடுகிறவர். மனு போனதும் ரகசியமாக விசாரிக்க அவர் டீக்கடைக்குத்தான் முதலில் வருவார். அந்த அண்ணாச்சியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரி:

மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் ராத்திரி திரும்பவும் வீடியோ கால். அதையும் படம் எடுத்தாயிற்று.

அத்தையிடம் சொல்லத்தான் கை நடுங்கியது. எழுபது வயசு, ஆயுசு பூரா பீடி சுற்றினவள். முழுசாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் போன மாசமே தெரியும். அவன் நம்ம தெருவுல ரெண்டு தடவை சும்மா வண்டிய உருட்டிக்கிட்டுப் போனான். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். பீடிக் கடையில் இலை குறைத்துப் போட்ட கணக்கப்பிள்ளையை இருபது பொம்பளைகளோடு போய் மடக்கின கதையை நூறாவது தடவையாகச் சொன்னாள். புதன்கிழமை அவளும் வருகிறாள். டீக்கடை அண்ணாச்சி மட்டும் "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கடைக்கு வந்து, "கேட்டா பார்த்ததைச் சொல்லுதேன், நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார். அது போதும். வீட்டுக்காரரிடம் புதன் சாயங்காலம் சொல்லலாம் என்றிருக்கிறேன். முன்னாடி இல்லை.

ஊருக்கெல்லாம் ஒரு பக்கம் முப்பது ரூபாய்க்குப் பத்து நிமிஷத்தில் மனு அடித்துக் கொடுக்கிறவள் நான். என் மனுவை அடிக்க மூன்று நாள் ஆகிவிட்டது. ஒரு சந்தேகம்: வண்டிச் சான்று தாமதமாவதையும் அதே மனுவில் எழுதட்டுமா?

பாளை வக்கீல் ஆபீஸ் கிளார்க்:

வேண்டாம் அக்கா, தனித்தனி மனு. ஒன்றாகப் போட்டால் பேப்பர் கிடைக்காத கோபத்தில் பொய்ப் புகார் கொடுத்தாள் என்று எழுதிவிடுவார்கள். வண்டி மனுவில் எஃப்.ஐ.ஆர். எண்ணும் தேதியும் மட்டும், ரைட்டர் பேரே வரக்கூடாது.

ஜெராக்ஸ் கடைக்காரி:

சரி. இன்னொரு தாள் அடிக்கிறேன்.