நலன் கணக்கெடுப்புப் படிவத்தில் பதில் தேர்ந்தெடுக்க முடியவில்லை, அவசரம்!

களப்பணி_மதுரை: வணக்கம். எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்க உறுப்பினர்களின் மனநலம் பற்றி ஒரு கணக்கெடுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்விகளைத்தான் போட்டிருக்கிறோம். பார்வையற்றவர்களுக்குப் பதில் போட வரவில்லையாம். திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும். என்ன செய்யலாம்?

குட்டிச்சுவர்: கூகுள் படிவமா, வேர்டா? போனா, கணினியா? திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் எது?

யூனிகோடுதாசன்: எழுத்துருப் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்தாக உளறும்.

குட்டிச்சுவர்: கூகுள் படிவத்தில் பாமினி இருந்தால் கண் தெரிகிறவருக்கே புரியாதே அண்ணா.

களப்பணி_மதுரை: கூகுள் படிவம்தான். ஆண்ட்ராய்டு போன், அதிலுள்ள டாக்பேக் திரைவாசிப்பான். கேள்வியை நன்றாக வாசிக்கிறது. பதிலுக்கு ஐந்து முகப் பொம்மைகள் வைத்திருக்கிறோம், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று.

மூத்தபயனர்: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஆறு விடைகள், 5 முதல் 0 வரை. கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு மதிப்பெண். ஐந்து பொம்மையை வைத்து எந்தக் கணக்கைப் போடுவீர்கள்? படித்துவிட்டு இறங்குங்கள் தம்பி.

விரல்நுனி: நான் டாக்பேக்கில்தான் இதை எழுதுகிறேன். பொம்மைக்குப் பக்கத்தில் "விருப்பம் 1", "விருப்பம் 2" என்றே விட்டிருப்பீர்கள். எங்களுக்கு அதுதான் கேட்கும். எது சிரிக்கிறது, எது அழுகிறது என்று எப்படித் தெரியும்? "எப்போதும்", "பெரும்பாலான நேரம்" என்று தொடங்கி "ஒருபோதும் இல்லை" வரை எழுதிவிடுங்கள். அப்புறம், ஹெட்போன் போட்டுக்கொண்டு நிரப்பச் சொல்லுங்கள். கூடத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, போன் சத்தமாக "கடந்த இரண்டு வாரங்களாக மகிழ்ச்சியாக இருந்தேன்" என்று வாசித்தால் நான் "எப்போதும்" என்றுதான் தட்டுவேன்.

தென்காசிக்காரன்: சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் "சுறுசுறுப்பாக உணர்ந்தேன்" என்று கேட்பது நியாயமா? அதை எடுத்துவிடுங்கள்.

மூத்தபயனர்: எடுத்தால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

விரல்நுனி: சக்கர நாற்காலி என்றால் சுறுசுறுப்பு இருக்காதா? எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவதே அப்படி ஒருவர்தான்.

தென்காசிக்காரன்: நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

பெரியக்கா: என் தம்பிக்குப் பேச்சு வராது. போன தடவை ஒரு கணக்கெடுப்புக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டார்: "அவனுக்கென்ன, சந்தோஷமாத்தான் இருக்கான்." படத்தைக் காட்டினால் அவனே தொட்டுச் சொல்வான். அதனால் பொம்மையை எடுத்துவிடாதீர்கள்.

மூத்தபயனர்: வீட்டார் சொன்ன பதில் என்றால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். சேர்த்துக் கூட்டக்கூடாது.

பெரியக்கா: குறிப்பது இருக்கட்டும் சார், முதலில் அவனைக் கேட்கச் சொல்லுங்கள்.

யூனிகோடுதாசன்: எனக்கென்னவோ இன்னும் எழுத்துரு மேல்தான் சந்தேகம்.

களப்பணி_மதுரை: ஆறாக்கி, எழுத்தும் போட்டாச்சு. வாசிக்கிறது. நன்றி விரல்நுனி.

குட்டிச்சுவர்: சங்கத்தில் காது கேளாதவர்களும் உண்டா? சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் சிரமம். கேள்விக்கு ஒரு சைகை வீடியோ சேர்க்க முடியுமா?