பாதாம் வெண்ணெய்: குருமாவில் எண்ணெய் மிதக்கிறது, மாவுருண்டை உட்கார்ந்துவிடுகிறது. எங்கே, எவ்வளவு, எப்போது சேர்க்கணும்?

தேவகோட்டை மருமகள்:

அரைக் கிலோ பாதாம் வெண்ணெய் இருக்கிறது. வறுத்துத் தோலோடு அரைத்தது. சர்க்கரை, உப்பு, வேறு எண்ணெய் எதுவும் சேரவில்லை. பிரெட்டில் தடவியே தீர்க்க மனமில்லை. நம்ம செட்டிநாட்டுச் சமையலில் அன்றாடம் எப்படிச் சேர்ப்பது?

வெள்ளைக் குருமாவில் முந்திரி, கசகசாவுக்குப் பதிலாக இதைத் தேங்காயோடு அரைத்து ஊற்றினால் நிறம் மங்குகிறது, மேலே எண்ணெய் மிதக்கிறது, கெட்டிப்படவும் இல்லை. மாவுருண்டையில் நெய்யே விடாமல் இதை மட்டும் விட்டால் உருட்ட வருகிறது, ஆனால் மறுநாள் டப்பாவில் தட்டையாகிவிடுகிறது. இட்லி, இடியாப்பம், பணியாரத்துக்கு ஏதாவது வழி உண்டா? பள்ளிக்கூட டப்பாவுக்கு? தீர்ந்தபின் வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கலாமா? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்பாசி:

குருமாவை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு.

கெட்டிப்படாததற்குக் காரணம் ஸ்டார்ச். முந்திரியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டார்ச்தான். கொதிக்கும்போது அது தண்ணீரை இழுத்துக் குழம்பை இறுக்கும். பாதாமில் ஸ்டார்ச் அநேகமாக இல்லை, பாதி எடை எண்ணெய். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அதனால் கெட்டியாகாது. அந்த வேலைக்குப் பொட்டுக்கடலை வேண்டும். நாலு பேருக்கான குருமாவுக்கு 2 டீஸ்பூன், தேங்காயோடு சேர்த்து அரைத்துவிடுங்கள்.

நிறம் போவது தோலாலும் வறுவலாலும். வெள்ளைக் குருமா வெள்ளையாகவே வேண்டுமென்றால் தோலுரித்த, வறுக்காத பாதாமில் அரைத்த வெண்ணெய் தேவை. உங்களிடம் இருப்பதை மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்ட சிவப்புக் குருமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தெரியாது.

எண்ணெய்தான் முக்கியமான சங்கதி. தேங்காய் விழுதில் எண்ணெய் இன்னும் சக்கைக்குள் அடங்கியிருக்கும். பாதாம் வெண்ணெயில் அது அரைக்கும்போதே வெளியே வந்துவிட்டது, தூள்தான் எண்ணெயில் மிதக்கிறது. தளதளவென்று கொதித்தால் தூள் திரண்டு கீழே போகும், எண்ணெய் மேலே வரும். அதனால் "எண்ணெய் பிரிந்ததும் இறக்கு" என்கிற கைக்கணக்கு இங்கே ஏமாற்றும். தேங்காய், சோம்பின் பச்சை வாடை போகுமுன்பே எண்ணெய் தெரிந்துவிடும். கண்ணை நம்பாமல் மூக்கை நம்புங்கள்.

முறை இதுதான். காய் 400 கிராம், தேங்காய்த் துருவல் அரைக் கப், சோம்பு 1 டீஸ்பூன், பச்சை மிளகாய் 5, பொட்டுக்கடலை 2 டீஸ்பூன் என்று வழக்கம்போல அரைத்து ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்க விடுங்கள். தனிக் கிண்ணத்தில் 2 டேபிள்ஸ்பூன் பாதாம் வெண்ணெய் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்குங்கள். முதல் இரண்டு ஸ்பூனுக்கு இளகாது, மாறாகப் பிசைந்த மாவுபோல இறுகும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். ஐந்தாறு ஸ்பூன் போனதும் வழுவழுப்பான பால்போல வரும். அடுப்பைச் சிம்மில் வைத்து அதை ஊற்றி, இரண்டு நிமிடம் கிளறி இறக்கிவிடுங்கள், கொதி வரக்கூடாது. எலுமிச்சை பிழிவதானால் இறக்கியபின். மிச்சத்தைச் சூடாக்கும்போது மறுபடி பிரியும். ஒரு கரண்டி வெந்நீர் விட்டு அடித்துக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும்.

கோழி வறுவல், காரக்குழம்பு, அரிசி கழுவிய தண்ணீரில் புளி விட்டு வைக்கிற மண்டிக்கெல்லாம் வேண்டாம். கல்பாசி, மராட்டி மொக்கு, மிளகு மணத்துக்கு முன்னால் பாதாம் இருப்பதே தெரியாது. புளி தூக்கலான குழம்போடும் ஒட்டாது. காசுக்குக் கேடு.

பலகாரச் சட்டி:

மாவுருண்டைக்கு: நெய் ஆறியதும் உறையும், உருண்டையைப் பிடித்து நிறுத்துவது அதுதான். பாதாம் எண்ணெய் ஃபிரிட்ஜில் வைத்தாலும் உறையாது. அதனால் சூட்டோடு பிடிக்கும்போது சரியாக இருப்பது, ஆறியபின் தளர்ந்து உட்காருகிறது. நெய்யை முழுசாக எடுத்துவிட முடியாது, குறைக்கலாம்.

பாசிப்பருப்பு 200 கிராம் சிவக்க வறுத்து மாவாக்கிச் சலித்தது, பொடித்த சர்க்கரை 200 கிராம், ஏலக்காய் 4. வழக்கமாக இதற்கு 120 மில்லி நெய் போகும். இதில் 3 டேபிள்ஸ்பூன் பாதாம் வெண்ணெயை முதலில் மாவில் போட்டு, கட்டி இல்லாமல் விரலால் தேய்த்துவிடுங்கள். அப்புறம் 80 மில்லி நெய்யைப் புகையாமல் நன்றாகக் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சூடு ஆறுமுன் பிடியுங்கள். வெண்ணெயை நெய்யில் போட்டுக் காய்ச்சினால் அடியில் கருகிக் கசக்கும். உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் பாதாம் ருசி எடுத்துக் காட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நெய்யே இளகிக் கிடக்கும், அப்போது 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போதும்.

வெள்ளைப் பணியார மாவில் இதைக் கலக்கவே கூடாது. அரிசியைத் தலைதட்டி அளந்து அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து அரைக்கிற மாவு அது. அதில் கொழுப்புச் சேர்ந்தால் எண்ணெயில் ஊற்றியதும் பிரிந்து ஓடும். தேன்குழல், சீடைக்கும் வேண்டாம், உள்ளே வேகுமுன் வெளியே சிவந்துவிடும். கவுனி அரிசிக்கு மட்டும் அருமையாகச் சேரும். 1 கப் கவுனி அரிசியை ராத்திரி ஊறவைத்துக் குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய் சேர்த்து இறக்கியபின், 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெயைச் சூடான பாலில் இளக்கி ஊற்றுங்கள். நெய்யைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கும்மாயத்தில் போட்டுப் பார்க்க நினைப்பீர்கள். வறுத்த உளுந்தும் கருப்பட்டியும் மணக்கிற இடத்தில் இது எதற்கு?

செக்கடித் தெரு:

மிக்ஸியில் தாராளமாக அரைக்கலாம், பொறுமை மட்டும் வேண்டும். கிரைண்டர் உதவாது, அது தண்ணீர் விட்டு அரைக்கிற சாமான்.

250 கிராம் பாதாமை அடி கனத்த இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் 12 முதல் 15 நிமிடம் கிளறிக்கொண்டே வறுங்கள். ஒன்றை உடைத்தால் நடுவே இளம் பழுப்பு தெரியணும். கை பொறுக்கும் சூட்டில் அரையுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடினால் ஆவி வேர்த்துத் தண்ணீராகும். முழுக்க ஆறினால் எண்ணெய் விட நேரமாகும். ஜாரில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் விழுது இறுகிப்போகும், ஆகவே ஜாரை வெயிலில் காயவைத்து எடுங்கள். ஊறவைத்த பாதாமை அப்படியே போட்டால் ஒருநாளும் வெண்ணெய் வராது, சட்னிதான் வரும். கல்பாசி சொன்ன வெள்ளை வெண்ணெய்க்கு, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, ஒடித்தால் படக்கென்று ஒடிகிற அளவுக்கு உலர்த்தியபின் அரைக்கணும்.

அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி. முதலில் தூள், பிறகு ஈரமணல், பிறகு ஜார் ஓரத்தில் அப்பிக்கொண்டு சுற்றவே சுற்றாத ஒரு கட்டம் வரும். அங்கேதான் பலர் தண்ணீர் விட்டுக் காரியத்தைக் கெடுப்பது. வழித்து வழித்து ஓட்டினால் அதன்பிறகு தானே எண்ணெய் விட்டு இளகும். நடுநடுவே நிறுத்துவதையும் சேர்த்து இருபது நிமிடமாவது ஆகும். மோட்டார் சூடேறி நின்றுவிட்டால் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

தேவகோட்டை மருமகள்:

தெளிவாகிவிட்டது, நன்றி. இட்லிக்கும் டப்பாவுக்கும் யாராவது சொன்னால் நல்லது. இந்த வெயிலில் பாட்டிலை வெளியே வைக்கலாமா?

கல்பாசி:

இட்லி, தோசைக்கு: வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், இட்லிப் பொடி 2 டீஸ்பூன், நல்லெண்ணெய் 1 டீஸ்பூன். நல்லெண்ணெய் இல்லாவிட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சட்னியில் வேண்டுமென்றால் வரமிளகாய் 6, சின்ன வெங்காயம் 15, பூண்டு 4 பல், சுண்டைக்காய் அளவு புளி வதக்கி, தண்ணீர் விட்டு அரைத்தபின் 1 டேபிள்ஸ்பூன் போட்டு ஒரே ஒரு சுற்று. தேங்காய் வேண்டாம். இடியாப்பத்துக்கு 2 டேபிள்ஸ்பூனை 200 மில்லி வெந்நீரில் மேலே சொன்னபடி கரைத்து, நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் சேர்த்தால் தேங்காய்ப்பாலுக்கு மாற்று.

பலகாரச் சட்டி:

டப்பாவுக்குச் சப்பாத்திச் சுருள். மதியத்துக்குள் எண்ணெய் கசியும், அதற்கு 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெயோடு 1 டீஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, 1 டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை கலந்து தடவுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் 16 கிராம், சுமார் 100 கலோரி. பிள்ளைக்கு அது போதும். மற்றப் பிள்ளைகளுக்குக் கொட்டை ஒவ்வாமை இருக்கலாம், பள்ளியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஸ்பூனில் கெட்டியாக ஊட்டக்கூடாது, தொண்டையில் அடைக்கும். கூழிலோ கஞ்சியிலோ கரைத்தே கொடுக்கணும்.

செக்கடித் தெரு:

திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில்தான். அதற்குமுன் அடிவரை கலக்குங்கள், குளிர்ந்தபின் கலக்க வராது. மேலே நிற்கிற எண்ணெயை வடித்துக் கொட்டினால் அடியில் மிஞ்சுவது செங்கல்தான். ஈர ஸ்பூன் ஆகாது. சிக்கு வாடை அடித்தாலோ நாக்கில் காறினாலோ குருமாவில் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.