தெசலோனிகியும் ஒலிம்பஸும்: கார் இல்லாமல் 5 நாளில் முடியுமா?

கரைவழி:

செப்டம்பர் கடைசி வாரம் இரண்டு பேர் கிரேக்கத்தில் உள்ள தெசலோனிகி போகிறோம், முழுதாக 5 நாள். கார் எடுக்கும் எண்ணம் இல்லை. ஊரையும் பார்க்க வேண்டும், ஒலிம்பஸ் மலை உச்சிக்கும் போக வேண்டும். ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம் மேடேறி நடப்போம். ஆனால் பாறையைக் கையால் பற்றி ஏறிப் பழக்கம் இல்லை. மலைக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்? பேருந்து எதுவரை போகும்? எந்த உச்சி எங்களுக்குச் சரிப்படும்? ஒருவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மேலே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மேட்டுப்பாதை:

5 நாள் தாராளம். மலையை மட்டும் கடைசியில் வைக்காதீர்கள். ஊரை மழையிலும் பார்த்துவிடலாம், உச்சிக்கு மழையில் போக முடியாது. 2, 3ஆம் நாளை மலைக்கு வைத்தால், வானிலை மாறினாலும் ஒரு நாள் தள்ளிப்போட இடமிருக்கும்.

மலைக்கு வாசல் லிட்டோஹோரோ என்ற சிற்றூர். தெசலோனிகியின் மேற்குக் கோடியில் உள்ள கேடெல் மகெடோனியா என்ற வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறுங்கள். சில வண்டிகளுக்குக் கட்டெரினியில் மாற வேண்டியிருக்கும், மாறும் நேரத்தையும் சேர்த்து 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டோஹோரோ என்ற பெயரில் ரயில் நிலையமும் உண்டு. அதை நம்பி இறங்கினால் கடற்கரையில் நிற்பீர்கள். ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சுமார் 300 மீட்டர் உயரத்தில், மலையடியில் இருக்கிறது.

ஊரிலிருந்து பாதை தொடங்கும் பிரியோனியா (1,100 மீட்டர்) 18 கிலோமீட்டர். பேருந்து கிடையாது, டாக்ஸிதான். திரும்பி வரவும் அதே டிரைவரிடம் நேரம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் முதல் நாள் பிரியோனியாவிலிருந்து ‘ஏ’ மலைக்குடில் வரை மட்டும். ஸ்பிலியோஸ் அகபிடோஸ் என்பது அதன் பெயர், உயரம் சுமார் 2,100 மீட்டர். இரண்டரை முதல் 3 மணி நேர ஏற்றம். பிரியோனியாவில் ஊற்றுத் தண்ணீர் வரும், அங்கேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் குடில் வரை தண்ணீர் இல்லை. அடியில் பீச் (beech) மரக்காடு, மேலே போகப் போக ரோபோலோ என்று அவர்கள் சொல்லும் பைன். குடிலுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கோவேறு கழுதைகள் இதே பாதையில் வரும். மணிச் சத்தம் கேட்டதுமே மலைச் சுவரை ஒட்டி நின்றுவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால், மூட்டை இடித்துச் சரிவில் தள்ளிவிடும்.

மலையில் இரண்டாம் நாள் விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். குடிலிலிருந்து ஸ்காலா என்ற முகட்டுக்கு இரண்டரை மணி நேரம், பாதி தூரத்துக்கு மேல் மரமே இல்லாத சரளைச் சரிவு. ஸ்காலாவில் பாதை பிரியும். ஒரு பக்கம் மிட்டிகாஸ், மலையின் மிக உயர்ந்த உச்சி, 2,918 மீட்டர். இன்னொரு பக்கம் ஸ்கோலியோ, 2,911 மீட்டர். உங்களுக்கு ஸ்கோலியோதான். வித்தியாசம் 7 மீட்டர். ஸ்காலாவிலிருந்து 20 நிமிட நடை, எங்கேயும் கையை ஊன்றத் தேவையில்லை. மிட்டிகாஸின் முழு முகமும் எதிரே தெரிவது ஸ்கோலியோவில் நின்றால்தான்.

இறக்கத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். ஸ்கோலியோவிலிருந்து பிரியோனியா வரை ஒரே நாளில் 1,800 மீட்டர் இறக்கம், மூட்டு வலி வருவது இதில்தான். ஆளுக்கு இரண்டு டிரெக்கிங் கம்பு அவசியம். அன்று இரவு லிட்டோஹோரோவிலேயே தங்கிவிடுங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடி இறங்கும்போதுதான் கால் பிசகும்.

எள்வளையம்:

சாப்பாட்டில் ஒரு முக்கியமான விஷயம். “விரதச் சாப்பாடு கேளுங்கள், சைவமாக இருக்கும்” என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ விரத உணவுக்கு ‘நிஸ்டீசிமோ’ என்று பெயர். அதில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் விரதத்துக்கு ஆகும். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இளஞ்சிவப்பாக வரும் டரமொசலாட்டா மீன் முட்டையில் செய்தது, அதுவும் விரதப் பண்டம்தான். அதனால் “நிஸ்டீசிமோ” என்பதோடு “ஹோரிஸ் தலசினா” (கடல் உணவு இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடியவை: ஃபசொலாதா (வெள்ளை பீன்ஸ் சூப்), கிகாண்டெஸ் (தக்காளியில் வேகவைத்த பெரிய பீன்ஸ்), பிரியாம் (அடுப்பில் சுட்ட காய்கறி), ஹோர்தா (வேகவைத்த கீரை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய்). கெமிஸ்டா, அதாவது அரிசி அடைத்த தக்காளி குடமிளகாய், பல வீடுகளில் சைவம், சில கடைகளில் கொத்துக்கறி கலந்திருக்கும். “ஹோரிஸ் கிமா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மலைக்குடிலில் சூப், பாஸ்தா, பீன்ஸ் மாதிரி எளிய சாப்பாடுதான். படுக்கை பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள். உச்சிக்குப் போகும் நாளுக்கு ரொட்டி, கொட்டை, உலர் பழம் ஊரிலிருந்தே வாங்கிப் போவது நல்லது.

தெசலோனிகியின் காலை உணவு இரண்டு. எள் அப்பிய வளைய ரொட்டி கூலூரி, தெருமுனை வண்டியிலேயே கிடைக்கும், தயங்காமல் சாப்பிடலாம். இன்னொன்று பூகாட்சா. அப்பளம் மாதிரி மெல்லிய மாவை அடுக்கடுக்காக மடித்து, நடுவில் ரவை கிரீம் வைத்துச் சுட்டு, சதுரம் சதுரமாகத் தட்டி வெட்டி, பொடித்த சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவித் தருவார்கள். கிரீமில் பெரும்பாலும் முட்டை சேரும், உங்கள் சைவ நண்பருக்கு ஆகாது. சீஸ், கொத்துக்கறி வைத்ததும் உண்டு. கேட்காமல் வாங்காதீர்கள்.

ஊருக்கு ஒன்றரை நாள் போதும். ரொட்டோண்டா என்ற வட்டக் கட்டடத்தை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலேரியஸ் பேரரசர் காலத்தில் கட்டியது. பிறகு தேவாலயம், பிறகு மசூதி, மினாரெட் இன்னும் வெளியே நிற்கிறது. உள்ளே தலையைத் தூக்கிப் பார்த்தால் குவிமாடத்தில் தங்க மொசைக். அங்கிருந்து கலேரியஸ் வளைவு, அப்புறம் ஆகியோஸ் திமித்ரியோஸ் தேவாலயம், மேலே ஏறினால் பழைய கோட்டைப் பகுதி ஆனோ போலி. 1917இல் ஊரை எரித்த பெரும் தீ எட்டாத பகுதி அது. கீழே ஊர் நேர்கோட்டுத் தெருவாகவும், மேலே சந்து சந்தாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். எரிந்த பகுதியை எர்னஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக்காரரின் திட்டப்படி புதிதாக அமைத்தார்கள்.

மெட்ரோ 2024 நவம்பர் 30 அன்று திறந்தது, அப்போது 13 நிலையம். வெனிசெலு நிலையத்தில் இறங்கிப் பாருங்கள், தோண்டும்போது கிடைத்த பழைய பளிங்குத் தெருவை அங்கேயே வைத்திருக்கிறார்கள். மெட்ரோ விமான நிலையத்துக்கும் போகாது, கேடெல் நிலையத்துக்கும் போகாது. இரண்டையும் ஊர் வழியாக இணைக்கும் நகரப் பேருந்து உண்டு.

கரைவழி:

மிக்க நன்றி. ஸ்காலா வரை போய்விட்டு 7 மீட்டருக்காக மிட்டிகாஸை விடுவது நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. வானம் தெளிவாக இருந்து, மெதுவாகப் போனால் முடியாதா?

மேட்டுப்பாதை:

ஸ்காலாவிலிருந்து மிட்டிகாஸுக்குப் போகும் வழியின் பெயரே ‘காக்கி ஸ்காலா’, கெட்ட படிக்கட்டு என்று பொருள். சிவப்பு மஞ்சள் பெயிண்ட் குறியைப் பின்பற்றி முதலில் கீழே இறங்க வேண்டும், பிறகு ஏற்றம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பகுதி இரு கையும் இரு காலும் பாறையில் இருக்கும், பிடி தவறினால் பக்கத்தில் ஆழம். ஏறுவதைவிடத் திரும்பி வருவது கடினம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. முன்னே போகிறவர் காலில் பட்ட கல்லும் உருண்டு வரும், அதனால்தான் ஹெல்மெட். ‘லூக்கி’ என்ற செங்குத்துப் பிளவு வழியில் கல் விழுவது இன்னும் அதிகம்.

மெதுவாகப் போவதும் இங்கே பாதுகாப்பு இல்லை. உச்சியிலிருந்து கடல் 20 கிலோமீட்டருக்குள்தான். வெயில் ஏற ஏற ஈரக்காற்று மேலேறி, நண்பகலுக்குள் மேகம் மூடிவிடும், பல நாள் இடியும் சேரும். குறி தெரியாமல் பாறை நடுவில் மாட்டிக்கொள்வது அப்போதுதான். 1913 ஆகஸ்ட் 2 அன்று முதன்முதலாக மிட்டிகாஸ் ஏறிய இரண்டு சுவிஸ்காரர்களையே லிட்டோஹோரோக்காரர் கிறிஸ்டோஸ் காக்காலோஸ்தான் அழைத்துப் போனார். நண்பருக்கு ஆசை தீரவில்லை என்றால் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்திக் கயிறோடு போகட்டும். இல்லையென்றால் 10 மணிக்குள் ஸ்கோலியோ, 1 மணிக்குள் மரக்காடு தொடங்கும் உயரத்துக்குக் கீழே. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீர்ப்பண்:

இரண்டு சேர்க்கை. ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் மலையேற்றத்தைப் பல நிறுவனங்கள் விலக்கி வைக்கும். எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று பாலிசியில் தேடிப் படித்துவிடுங்கள். மலையில் ஆபத்து என்றால் 112.

4ஆம் நாள் காலையை தியோனுக்குக் கொடுங்கள், லிட்டோஹோரோவிலிருந்து டாக்ஸியில் பக்கம். பழங்கால மகெடோனியர்களின் புனித நகரம் அது. ஐசிஸ் கோயிலின் இடிபாடு இன்றும் தண்ணீருக்குள் நிற்கிறது, கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள். அருங்காட்சியகத்தில் 1992இல் அங்கே தோண்டி எடுத்த ‘இத்ராவ்லிஸ்’ இருக்கிறது, தண்ணீர் அழுத்தத்தில் காற்றூதி இசைக்கும் குழல் கருவி, கி.மு. 1ஆம் நூற்றாண்டு. சின்னக் குழல்களாக வரிசை கட்டி நிற்கும், அவசரத்தில் கடந்துவிடாதீர்கள். மதியப் பேருந்தில் தெசலோனிகி வந்துவிடலாம். வானம் தெளிந்திருந்தால் சாயங்காலம் வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் கடற்கரையில் நின்று தென்மேற்கே பாருங்கள், வளைகுடாவுக்கு அப்பால் ஏறி வந்த மலை தெரியும்.