35 வயசு, கையில 80 லட்சம்: சீக்கிர ஓய்வா, விமானி லைசென்ஸா?

கணக்குப்புலி:
ஒரு உதாரண ஆளை வச்சுப் பேசுவோம். வயசு 35, ஐடி வேலை, கடன் இல்லை, சேமிப்பு 80 லட்சம். வீட்டுச் செலவு மாசம் 60,000. அதே அளவு மாசாமாசம் முதலீடும் போடறார். 10% வளர்ச்சின்னா பத்து வருஷத்துல ஏறக்குறைய 3.25 கோடி. 6% விலைவாசியில இன்னைக்கு 60,000 அப்போ 1.07 லட்சம். ஓய்வுக்கு வேணும்னு சொல்ற வருஷச் செலவோட 25 மடங்கு 3.22 கோடி. 45-ல வேலையை விட்டுடலாம். விமானியாகப் போனா? லைசென்ஸுக்கு ஏறக்குறைய 45 லட்சம், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டறதுக்கான தகுதி) 15, சம்பளமில்லாத இரண்டரை வருஷத்துக்கு வீட்டுச் செலவு 18. மொத்தமும் துடைச்சாச்சு.

ஓடுபாதை09:
புலி சார், அந்த 25 மடங்கு அமெரிக்கச் சந்தையை வச்சு, 30 வருஷ ஓய்வுக்குப் போட்ட கணக்கு. 45-ல நிறுத்தினா 40 வருஷம் தாக்குப் பிடிக்கணும். 33 மடங்காவது வேணும். உங்க அதே எண்களைப் போட்டுப் பாருங்க, உங்க ஆள் 50 வயசு வரைக்கும் அதே நாற்காலிதான். இந்தப் பக்கம் 38-ல காக்பிட்டுக்குப் போனா, விமானிகளோட வயசு வரம்பான 65 வரைக்கும் 27 வருஷம். 

கணக்குப்புலி:
"போனா". அந்தச் சொல்லுலதான் எல்லாம் தொங்குது. கிங்ஃபிஷர் 2012-ல நின்னது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல், கோ ஃபர்ஸ்ட் 2023 மே. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவங்க வேலை தேடி வருவாங்க. புதுசா லைசென்ஸ் எடுத்த 200 மணி நேரக்காரர் வரிசையோட வால்ல. காத்திருக்கும்போதும் காசு கரையும்: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதப்போ கருவிகளைப் பார்த்தே ஓட்டற தகுதி), கிளாஸ் 1 மருத்துவச் சான்று (தொழில்முறை விமானிக்கானது) ரெண்டையும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

ஹேங்கர்வாசி:
ரெண்டு பேரும் பயிற்சிப் பள்ளியைக் கணக்குலயே எடுக்கல. சிபிஎல்லுக்கு, அதாவது தொழில்முறை விமானி லைசென்ஸுக்கு, 200 மணி நேரம், அதுல 100 தானே கமாண்டரா ஓட்டினதா இருக்கணும். விளம்பரத்துல ஒரு வருஷம்னு இருக்கும். மாசம் 12 மணி நேரம் கிடைச்சாலே 17 மாசம். வடக்கே பனிமூட்டம், தெற்கே மழை, செஸ்னா 172-க்கு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆய்வு, அப்போ உதிரி பாகம் வரலைன்னா விமானம் கூரைக்குள்ளயே நிக்கும். பள்ளியில எத்தனை விமானம் இருக்குன்னு கேக்காதீங்க. இன்னைக்குப் பறக்கற நிலையில எத்தனை, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர், எத்தனை இன்ஸ்ட்ரக்டர்னு கேளுங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினா சலுகைன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. கட்டம் கட்டமா கட்டணும், பறக்காத மணி நேரத்துக்குப் பணம் திரும்ப வரும்னு ஒப்பந்தத்துல இருக்கணும்.

ஓடுபாதை09:
இதை முழுசா ஒத்துக்கறேன். ஆனா ராஜினாமாவுக்கு முன்னாடியே பாதி வேலையை முடிச்சுடலாம். முதல்ல கிளாஸ் 2 மருத்துவம், அது தேறினதும் உடனே கிளாஸ் 1. 35 வயசுல ஈசிஜி, சர்க்கரை, ரத்த அழுத்தம், காது, நிறப்பார்வை இதுல ஏதாவது ஒண்ணு இடறினா, போன செலவு சில ஆயிரத்தோட நிக்கும். அப்புறம் டிஜிசிஏ (விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு) நடத்தற தேர்வுத் தாள்கள்: நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல். ஒவ்வொண்ணுலயும் 70% வேணும். ஆர்டிஆர் ரேடியோ தேர்வு தனி. இதெல்லாம் வேலையில இருந்துகிட்டே எழுதலாம்.

கணக்குப்புலி:
மருத்துவம் முதல்ல, சரி. டைப் ரேட்டிங்கை வேலை கிடைக்கறதுக்கு முன்னாடியே சொந்தக் காசுல எடுக்கச் சொல்றீங்களா?

ஹேங்கர்வாசி:
நான் சொல்ல மாட்டேன். இண்டிகோவுக்கு ஏ320, ஆகாசாவுக்கு 737. தப்பானதை எடுத்துட்டா 15 லட்சம் அலமாரியில தூங்கும். சிமுலேட்டர் சோதனை காலாவதியானா மறுபடி செலவு.

ஓடுபாதை09:
அதுக்குத்தான் சேமிப்பை முழுசா உடைக்காம 40 லட்சம் கல்விக் கடன் வாங்கலாம்கறேன். 11%, பத்து வருஷம், மாசத் தவணை 55,000. வட்டிக்கு வருமான வரிக் கழிவும் இருக்கு.

கணக்குப்புலி:
தம்பி, பயிற்சிக் காலத்து வட்டியை விட்டுட்டீங்க. முழுத் தொகையும் ஆரம்பத்துலயே கைக்கு வந்தா இரண்டரை வருஷத்துக்கு 11 லட்சம் அசலோட ஏறும், தவணை 70,000 ஆயிடும். கட்டம் கட்டமா வாங்கினா அந்த வட்டி ஏறக்குறைய பாதி. அந்த வரிக் கழிவு பழைய வரி முறையில மட்டும். இந்த அளவு கடனுக்கு வங்கி பொதுவா வீடோ நிலமோ அடமானம் கேக்கும். உதாரண ஆள்கிட்ட ரெண்டும் இல்லைன்னா? அப்பா பேர்ல இருக்கற வீட்டை வைக்கச் சொல்வீங்களா?

ஓடுபாதை09:
வைக்கச் சொல்ல மாட்டேன். அப்படின்னா இன்னும் ரெண்டு வருஷம் ஐடியிலயே இருந்து தாள்களை முடிக்கட்டும். அதுக்குள்ள உங்க 10% கணக்குலயே சேமிப்பு 1.1 கோடி தாண்டிடும். 37-ல ஆரம்பிச்சு 40-ல உட்கார்ந்தாலும் 25 வருஷம் மிச்சம்.

ஹேங்கர்வாசி:
கேடட் திட்டத்தை (விமான நிறுவனமே ஆள் எடுத்துப் பயிற்சிக்கு அனுப்பற திட்டம்) நம்பியிருந்தா அந்த ரெண்டு வருஷம் இடிக்கும். பலதுலயும் வயசு வரம்பு இருக்கு, அறிவிப்பைப் படிச்சுட்டுத் தள்ளிப்போடச் சொல்லுங்க.