வெளிநாட்டு வழக்கில் வந்த இழப்பீட்டுக்கு வரி: பெங்களூரில் பார்த்த கேஸ்கள்

ஜெயநகர் ஆடிட்டர்:
"யூ.எஸ். கேஸ் முடிஞ்சு பணம் வந்திருக்கு சார், வரி உண்டா?" என்று வருகிறவரிடம் தொகையைக் கேட்பதில்லை, செட்டில்மென்ட் அக்ரிமென்ட்டைத்தான் கேட்கிறோம். விபத்துக் காயத்துக்கு வந்தது மூலதன வரவு, வருமானமே ஆகாது. வேலையிலிருந்து நீக்கியதற்கு வந்தது 17(3)-ஆம் பிரிவின்படி சம்பளக் கணக்கு. (பிரிவு எண்கள் எல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தினுடையவை, 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டத்தில் எண்கள் வேறு.) பாக்கிச் சம்பளமும் சம்பளமே, ஆனால் ரிட்டர்னுக்கு முன் 10-இ ஃபாரம் போட்டால் 89-ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. இழப்பீட்டின் மேல் வரும் வட்டி கைக்கு வந்த வருஷத்தில் இதர வருமானம். அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், பல அக்ரிமென்ட்டில் "எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து" என்று ஒரே வரி, ஒரே தொகை. பிறகு அதிகாரி மொத்தத்தையும் சம்பளத்தில் தள்ளினால் மறுக்க ஆதாரம் இருக்காது. கையெழுத்துக்கு முன்பே காயத்துக்கு இவ்வளவு, சம்பள பாக்கி இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிரிவினை வழக்கு மனுவோடு ஒத்துப்போக வேண்டும். மனுவில் காயமே இல்லாமல் அக்ரிமென்ட்டில் முளைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று, வக்கீல் ஃபீஸ். அமெரிக்க வக்கீல் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு போலப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்புவார். சம்பளமாக வரும் தொகையில் அதைக் கழிக்க இங்கே இடமில்லை.

ஒயிட்ஃபீல்ட் ரிட்டர்னி:
ஊர் திரும்பியவர்கள் முதலில் ஆர்.என்.ஓ.ஆர். (ரெசிடென்ட்தான், ஆனால் இன்னும் முழு ரெசிடென்ட் அல்ல) அந்தஸ்தைப் பாருங்கள். முந்தைய 10 நிதியாண்டில் 9-இல் என்.ஆர்.ஐ., அல்லது முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இல்லை: இதில் ஒன்று பொருந்தினால் போதும், வெளிநாட்டு வேலைக்கான தொகைக்கு இங்கே வரி வராது. ஆனால் பணம் முதலில் அங்கேயுள்ள கணக்கில் விழ வேண்டும். வக்கீல் நேராகக் கோரமங்களா பிராஞ்சுக்கு அனுப்பினால் "இந்தியாவில் பெற்ற வருமானம்" ஆகிவிடும். அங்கே வாங்கிப் பிறகு கொண்டுவந்தால் அந்தத் தொல்லை இல்லை. கிளம்பும் அவசரத்தில் அந்த அக்கவுன்ட்டை மூடிவிடாதீர்கள். முழு ரெசிடென்ட் ஆனதும் அதை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியான ஷெட்யூல் எஃப்.ஏ.-வில் காட்ட வேண்டும், அதுவும் காலண்டர் வருஷக் கணக்கில்.

அல்சூர் டாக்ஸ்:
அங்கே விலக்கு என்றால் இங்கேயும் விலக்கு என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் வேலை நீக்கத் தொகையில் 30,000 பவுண்டு வரை வரி இல்லை. இங்கே முழு ரெசிடென்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே கட்டாத வரிக்கு கிரெடிட்டும் கிடையாது. அங்கே வரி பிடித்திருந்தால், அதை இங்கே கழித்துக்கொள்ள ஃபாரம் 67 போட வேண்டும். 2025-26 வருமானத்துக்கு 2027 மார்ச் 31 கடைசி. அங்கே பிடித்த வரியைக் காட்டும் அமெரிக்காவின் 1042-எஸ் ஃபாரம் ஜனவரி-டிசம்பர் கணக்கு, எனவே எந்த மாதம் வந்தது என்று பிரித்து இணையுங்கள்.

டாலர் ரேட்டுக்கு கூகுள் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. எஸ்.பி.ஐ.-யின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விலைதான் கணக்கு. சம்பளத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் ரேட்; இழப்பீட்டு வட்டிக்கு மார்ச் 31 ரேட், அதற்குள் இந்தியா வந்துவிட்டால் வந்த ரூபாயே.

ஜெயநகர் ஆடிட்டர்:
சவூதியிலிருந்து வாரிசுகளுக்கு வரும் தியா பணத்துக்கு (உயிரிழப்புக்கான இழப்பீடு) வரி இல்லை. அதை டெபாசிட் போட்டால் வரும் வட்டிக்கு உண்டு. நேராக வங்கிக்கு வந்தால், பணம் எதற்கு வந்தது என்று காட்டும் பர்ப்பஸ் கோட் எதைப் பிராஞ்ச் போட்டது என்று பாருங்கள். "குடும்பப் பராமரிப்பு" என்று போட்டிருந்தால் கோர்ட் ஆர்டரைக் காட்டி மாற்றச் சொல்லுங்கள்; பணம் வந்ததற்கான வங்கிச் சீட்டான ரெமிட்டன்ஸ் அட்வைஸையும் அன்றே வாங்கி வையுங்கள்.