அப்பா போனில் ஏபிகே (ஆப் நிறுவும் கோப்பு) ஏறிவிட்டது, ஐகானையும் காணோம். என்ன செய்வது?

தங்கச்சிமடம் பொண்ணு:
அவசரம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா கடலுக்குப் போகவில்லை. காலையில் வாட்ஸ்அப்பில், தெரிந்த படகுக்காரர் எண்ணிலிருந்து ‘தடைக்கால நிவாரணப் பட்டியல்.ஏபிகே’ என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டார். இப்போது ஐகானே இல்லை. பணம் இன்னும் போகவில்லை. ஆன்டிவைரஸ் போட்டால் போதுமா? ஒருவர் ஃபிஷிங் என்கிறார், இன்னொருவர் மால்வேர் என்கிறார். வீட்டு வைஃபையில் தம்பியின் லேப்டாப்பும் இருக்கிறது.

மண்டபம் கேம்ப்:
தங்கச்சி, ஆன்டிவைரஸ் அப்புறம். முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிம்மைக் கழற்றி வேறு நல்ல போனில் போடுங்கள். அந்த ஆப்புக்கு வேண்டியது ஓடிபிதான். எஸ்எம்எஸ் அனுமதி இருப்பதால் வருகிற ஓடிபியைப் படித்து மோசடிக்காரர்களுக்கு அனுப்பிவிடும்.

அடுத்து வங்கிக்கு அழைத்து யுபிஐ, கார்டு, நெட்பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணை ஏடிஎம் கார்டின் பின்புறம் பார்த்து எடுங்கள், கூகுளில் தேட வேண்டாம், அங்கே போலி எண்களும் கிடக்கின்றன. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வந்த செய்தி ஃபிஷிங், அதாவது நம்பவைத்துத் தட்டச் செய்வது. உள்ளே ஏறியது மால்வேர், கெடுதல் செய்ய எழுதிய எல்லா நிரலுக்கும் அது பொதுப்பெயர். நிவாரணப் பட்டியல் என்று வேஷம் போட்டு வந்ததால் ட்ரோஜன் வகை. அனுமதியை நாமே கொடுத்த பிறகு, இணையப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் இருந்தாலும் பெரிதாக உதவாது.

கீழக்கரை சர்வீஸ் கடை:
லேப்டாப் விண்டோஸ் என்றால் பயம் வேண்டாம், ஏபிகே ஆண்ட்ராய்டுக்கானது. ஆனால் அப்பாவின் ஜிமெயில் கடவுச்சொல்லை லேப்டாப்பிலிருந்து மாற்றுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை முழுக்கப் பாருங்கள், ஐகான் மறைந்தாலும் பெயர் அங்கே இருக்கும். அன்இன்ஸ்டால் மங்கலாக இருந்தால், ஆப்புக்குக் கூடுதல் அதிகாரம் தரும் டிவைஸ் அட்மின், ஆக்சசிபிலிட்டி என்ற இரண்டு செட்டிங்ஸிலும் அதை அணைத்துவிட்டு நீக்குங்கள். எங்களிடம் இப்படி வரும் போன்களை, படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட், அதாவது மற்ற எல்லாவற்றையும் அழித்துப் புதுபோன் நிலைக்குக் கொண்டுவந்துதான் தருகிறோம். *#21# அடித்தால் கால் ஃபார்வர்டிங், அதாவது அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும், ##002# அதை நீக்கும்.

தங்கச்சிமடம் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணே. வங்கியில் எல்லாம் நிறுத்தியாச்சு. ஆப்ஸ் பட்டியலில் ‘அப்டேட்’ என்ற பெயரில் ஒளிந்திருந்தது, டிவைஸ் அட்மினை எடுத்த பிறகுதான் போனது. இனி ரீசெட்தான்.

மண்டபம் கேம்ப்:
நல்லது. ரீசெட்டுக்கு முன் அந்தச் செய்தியை வேறு போனில் படம் எடுத்து வையுங்கள், புகாருக்கு வேண்டும். வாட்ஸ்அப் திரும்ப ஏற்றியதும் இணைத்த சாதனங்கள் பட்டியலில் தெரியாதது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டூ ஸ்டெப் பின் (வாட்ஸ்அப் கேட்கும் கூடுதல் ரகசிய எண்) போடுங்கள். அனுப்பிய படகுக்காரரின் வாட்ஸ்அப்பும் அவர்கள் கையில் இருக்கலாம். செய்தி அனுப்பாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள், இன்றே.