கப்பல் கட்டணம் குறைந்தும் இறக்குமதித் தீர்வை குறையவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். பேட்டரியில் இயங்கும் துளையிடும் கருவிகளை வெளிநாட்டு உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து வாங்கி விற்கும் சிறு நிறுவனத்தில் கொள்முதலைக் கவனித்து வருகிறேன். கருவி, சார்ஜர், கூடுதல் பேட்டரி மூன்றும் விற்பனைக்கான ஒரே பெட்டியில் வருகின்றன. எங்கள் கொள்முதல் முகவரின் கமிஷன், துறைமுகத்திலிருந்து கிடங்கு வரையிலான லாரி வாடகை எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சேர்த்துத்தான் இன்வாய்ஸ் போடுகிறார்கள். மேலுறை வார்க்கும் அச்சை எங்கள் செலவில் செய்வித்து உற்பத்தியாளருக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறோம். வரும் சரக்கில் ஒரு பகுதியை வேறொரு நாட்டுக்கு மறுஏற்றுமதி செய்கிறோம். கப்பல் கட்டணத்தைப் பேசிக் குறைத்த பிறகும் தீர்வைத் தொகை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மூன்றாம் நாடு ஒன்றில் இறக்கி, பெட்டியை மாற்றிக் கொண்டுவரலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். சட்டத்துக்கு உட்பட்டு இந்தச் செலவைக் குறைக்க வழி என்ன?

மறுமொழி 1

முதலில் இன்வாய்ஸைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் விவரத்தைப் படித்த அளவில், பணம் அதிகம் கசியும் இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கப்பல் கட்டணத்தைக் குறைத்தது தீர்வையில் எவ்வளவு தெரியும் என்பது நாட்டைப் பொறுத்தது. உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தில் 8ஆவது பிரிவு, இறக்குமதி இடம் வரையிலான போக்குவரத்துச் செலவையும் காப்பீட்டையும் சுங்க மதிப்பில் (தீர்வை கணக்கிடப்படும் தொகையில்) சேர்ப்பதா, விடுவதா என்ற முடிவை உறுப்பு நாடுகளிடமே விட்டிருக்கிறது. இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்க்கின்றன; அமெரிக்கா சேர்ப்பதில்லை. சேர்க்கும் நாட்டிலும், தீர்வை 10 சதவீதம் என்றால், கட்டணத்தில் 100 குறைந்தால் தீர்வையில் 10தான் குறையும்.

துறைமுகத்தைத் தாண்டிய பிறகு ஆகும் லாரி வாடகையின் நிலை வேறு. இறக்குமதிக்குப் பிந்தைய போக்குவரத்துச் செலவு, பொருளின் விலையிலிருந்து பிரித்துக் காட்டக்கூடியதாக இருந்தால், அது சுங்க மதிப்பில் சேராது என்று அதே ஒப்பந்தத்தின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஒரே தொகையாக எழுதினால் அந்த வாடகைக்கும் நீங்கள் தீர்வை கட்டிக்கொண்டிருப்பீர்கள். கமிஷனும் இப்படித்தான்: வாங்குபவருக்காக வெளிநாட்டில் வேலை செய்யும் முகவருக்கு வாங்குபவர் தரும் கமிஷன் மதிப்பில் சேர வேண்டியதில்லை, விற்பவரின் முகவருக்குப் போகும் கமிஷன் சேரும். ஆகவே அவர் உண்மையிலேயே உங்கள் முகவர் என்பதைக் காட்டும் எழுத்து ஒப்பந்தமும், தனி ரசீதும், அவர் உங்கள் சொற்படி நடந்ததைக் காட்டும் கடிதங்களும் கையில் இருக்க வேண்டும்.

அச்சு விஷயத்தில் மட்டும் உங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குபவர் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரும் அச்சு, கருவி போன்றவற்றின் மதிப்பை இறக்குமதி விலையுடன் சேர்த்தே அறிவிக்க வேண்டும். இதுவரை சேர்க்கவில்லை என்றால், தணிக்கை வரும் வரை காத்திராமல் நீங்களாகவே சுங்கத்திடம் சொல்லித் திருத்துங்கள். முழுத் தொகையையும் முதல் சரக்கின் மீதே ஏற்ற வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தமிட்ட மொத்த உற்பத்தியின் மீது பங்கிட்டுக் காட்டவும் இடமுண்டு.

மறுமொழி 2

குறியீட்டையும் சரிபாருங்கள். 1988 முதல் நடைமுறையில் உள்ள எச்.எஸ். முறையில் (சரக்குகளை எண்களால் வகைப்படுத்தும் உலகப் பொது முறை) முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின்வரும் இலக்கங்களும் தீர்வை விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும். மின்மோட்டார் உள்ள கைக்கருவி 8467, சார்ஜர் 8504, தனியாக வரும் மின்கலம் 8507. சில்லறை விற்பனைக்கான தொகுப்பாக ஒரே பெட்டியில் வந்தால், அம்முறையின் 3(ஆ) பொது விதிப்படி தொகுப்புக்கு அதன் முதன்மைத் தன்மையைத் தரும் பொருளின் குறியீடே முழுப் பெட்டிக்கும் பொருந்தும். இங்கே அது கருவி. கூடுதல் பேட்டரிகளைத் தனிச் சரக்காக வரவழைத்தால் கணக்கு மாறும். எது மலிவு என்பதை உங்கள் நாட்டின் தீர்வை அட்டவணைதான் சொல்லும். ஆனால் கருவியையே பிரித்து உதிரிகளாக அனுப்பச் சொல்லிப் பயனில்லை: 2(அ) விதியின்படி, பூட்டாத நிலையில் ஒன்றாக வரும் முழுப் பொருள் முழுப் பொருளாகவே வகைப்படும்.

சட்டம் அனுமதிக்கும் எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு ஃபோர்டு நிறுவனத்தின் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. சரக்கு வேன்களில் பின்னிருக்கைகளைப் பொருத்தி, பயணிகள் வாகனமாகக் காட்டி 2.5 சதவீதத் தீர்வையில் அமெரிக்காவுக்குள் கொண்டுவந்து, சுங்கத்தைக் கடந்ததும் இருக்கைகளைக் கழற்றினார்கள். சரக்கு வாகனத்துக்குரிய விகிதம் 25 சதவீதம். 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து அந்த விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்.

மறுமொழி 3

பெட்டியை மாற்றுவதால் பொருளின் தோற்ற நாடு மாறாது. வேறு நாட்டுப் பெயரை எழுதினால் அது பொய் அறிவிப்பு. அபராதமும் பறிமுதலும் வரக்கூடும். அந்த யோசனையைக் கைவிடுங்கள். உற்பத்தி நாட்டுக்கும் உங்கள் நாட்டுக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருந்தால், இடையில் பெட்டியைத் திறப்பது அதன் சலுகையைக்கூட இழக்கச் செய்யலாம், ஏனெனில் பல ஒப்பந்தங்கள் சரக்கு நேராக வர வேண்டும் என்றோ, வழியில் சுங்கக் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும் என்றோ நிபந்தனை விதிக்கின்றன. அப்படி ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுஏற்றுமதியாகும் பகுதிக்குத் தீர்வை கட்டி முடங்க வேண்டாம். பிணைக் கிடங்கில் (தீர்வை கட்டாமல் சுங்கக் கண்காணிப்பில் சரக்கை வைக்கும் கிடங்கு) வைத்து அங்கிருந்தே அனுப்பினால் பெரும்பாலும் தீர்வை எழாது. கட்டிய பின் அனுப்பியிருந்தால், கட்டியதைத் திரும்பப் பெறும் டிராபேக் திட்டம் உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். காலக்கெடு உண்டு, உள்ளே வந்த பொருளும் வெளியே போன பொருளும் ஒன்றே என்று வரிசை எண்ணைக் கொண்டு காட்ட வேண்டியும் வரலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. லாரி வாடகையையும் கமிஷனையும் தனித்தனியே எழுதும்படி இன்றே கடிதம் அனுப்புகிறேன். அச்சுச் செலவுக் கணக்கையும் எடுக்கிறேன். பேட்டரிகளைத் தனியாக வரவழைப்பதென்று முடிவு செய்தால், குறியீட்டைச் சுங்கம் பின்னர் மறுக்காது என்பதற்கு என்ன உறுதி?

மறுமொழி 2 எழுதியவர்

எழுத்து மூலம் முன்தீர்ப்பு, அதாவது சரக்கு வருமுன்பே சுங்கம் தரும் முடிவு, கேளுங்கள். 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, உலக வணிக அமைப்பின் வணிக எளிமைப்படுத்தல் ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவு, வகைப்பாடு, தோற்ற நாடு ஆகிய இரண்டிலும் இந்த வசதியை வழங்க உறுப்பு நாடுகளைக் கடமைப்படுத்துகிறது. பொருளின் படம், மின்னழுத்த விவரம், பெட்டியில் வரும் விதம் ஆகியவற்றை ஒளிவின்றி எழுதுங்கள். விண்ணப்பத்தில் சொன்ன பொருளும் துறைமுகத்தில் இறங்கும் பொருளும் வேறுபட்டால் அந்தத் தீர்ப்பு உங்களைக் காக்காது. பதில் வரும் வரை உற்பத்தியாளரிடம் புதிய பொதிமுறைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.